இரவு இரண்டு மணி

கேத்தலைக் கவிழ்த்துக் காட்டினா வதனரூபி.
உள்ளே வெள்ளைச் செதில். நகத்தால் சுரண்ட
முட்டைக்கோது மாதிரிப் பெயர்ந்தது.
"எட்டு மாசம்தான் தம்பி. புதுக் கேத்தல்."

சின்னப் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து
சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்கினேன்.
நுரை இல்லை. திரைந்த பால் போல ஏதோ மிதந்தது.
சொட்டு மருந்தும் விட்டுப் பார்த்தேன்:
சிவப்பு நீலமாக இருபத்தெட்டுச் சொட்டு.
கனகராயன்குளத்தில் இந்த மாதம் இதுதான் கூட.

"இவ்வளவு நாளும் கவனிக்கேல்லையோ?" என்றேன்.
"தடை நேரம் சவர்க்காரமே வன்னிக்குள்ள வராது.
நுரைக்காத தண்ணியெண்டு
என்னத்தைப் போட்டுப் பாக்கிறது?"

தாங்கிக்குள் ரெசினைக் கொட்டினேன்.
கடுகளவு மணிகள், தேன் நிறம்,
மீன்சினை போலக் கையில் ஒட்டும்.
ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்தபடி இருக்கும்.
மேலிருந்து கடுந்தண்ணீர் இறங்கும்.
சோடியத்துக்கு ஒரு கை, கல்சியத்துக்கு இரண்டு;
ஒரு கல்சியம் ஏற
இரண்டு சோடியம் இறங்கிப் போகும்,
பஸ்ஸில் ஒரு மொத்த ஆளுக்கு
இரண்டு பொடியள் எழும்பி இடம் விடுவது போல.

"சீற்றெல்லாம் நிரம்பினால்?"

விலையைத் தவிர வேறு எதுவும்
என்னிடம் யாரும் கேட்பதில்லை.
பக்கத்து வாளியைத் திறந்து காட்டினேன்:
ஆனையிறவு உப்பு, தண்ணீரில் ஊறிக்கொண்டு.
ஒரு சோடியம் வந்து கேட்டால் கல்சியம் அசையாது.
ஊரே திரண்டு வந்தால் எழும்பத்தான் வேணும்.
அந்தக் கழிவை முருங்கையடிக்கு விடாதேங்கோ,
வேலிக்கு அங்கால கிடங்கு வெட்டுங்கோ.

"குடிக்கலாமோ?"

மனுசனுக்குப் பிறசர். கிழமைக்கு இரண்டு தரம்
வவுனியா ஆசுப்பத்திரி, சிறுநீரகம்.
இது குளிக்க, தோய்க்க, ஹீற்றருக்கு, என்றேன்.
அவருக்குச் சந்தியில் வாங்கும் கான் தண்ணிதான்.

"அப்ப கேத்தல்?"

கேத்தலுக்குத் தேசிக்காய் பிழிஞ்சு கொதிக்க விடுங்கோ.
ஒன்றேகால் லட்சம் வாங்கின பிறகு
இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

டைமரை இரவு இரண்டுக்கு வைத்தேன்.
கொம்பனிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது:
ஒருவரும் குழாய் திறக்காத நேரம்.

நாலாம் நாள் இரண்டே கால். ஃபோன்.
"கிணத்தடியில ஆரோ நிக்கினம் தம்பி.
தண்ணி வாக்கிற சத்தம். பிறகு பேசாமல் நிக்கினம்.
பிறகும் வாக்கினம்."

பின்கழுவல், அக்கா. பிறகு உப்பை உறிஞ்சும்.
பிறகு அலசும். தொண்ணூறு நிமிசம்.
வால்வு திரும்பேக்க டக்கெண்டு ஒரு சத்தம்.

"விளங்குது. மெசின்தான். விளங்குது."
ஃபோனை வைக்கவில்லை.
அவவின் மூச்சுக்குப் பின்னால்
எனக்கும் கேட்டது, தண்ணீர் ஓடுவது,
பிறகு ஓடாமல் இருப்பது.
என்ரை சார்ஜ் ஒன்பது வீதம்.
கடைசி அலசல் முடியும்வரை இருந்தேன்.

விடியப் போய்ப் பகல் பத்துக்கு மாற்றினேன்.
அந்த நேரம் கடுந்தண்ணிதான் வரும், என்றேன்.
"வரட்டும். பத்து மணிக்கு ஆர் வந்தாலும்
முகம் தெரியும்."

சேவைப் புத்தகத்தில் 2.00ஐ வெட்டி 10.00.
'காரணம்' என்ற கட்டத்தில்
'வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதினேன்.

வெளிக்கிடும்போது
குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றா,
கழுவி, திரும்பவும் கழுவி.
"வழுவழுவெண்டு இருக்கு தம்பி.
சவர்க்காரம் போகவே இல்லைப் போல கிடக்கு."

அது எப்பவோ போயிட்டுது அக்கா.
அப்பிடித்தான் தெரியும்.